மலைக்குப் போன முட்டை வண்டி

மெர்வினின் பிக்கப் வண்டிக்குக் கேம்ப் ரோடு முதல் மேடவாக்கம் வரைக்கும் முட்டை வண்டி என்றுதான் பெயர். படப்பைக்கு உள்ளே ஒரு கோழிப்பண்ணையில் விடிவதற்கு முன்னால் அட்டை அட்டையாக ஏற்றிக்கொண்டு கிளம்புவான். முடிச்சூர் ரோடு, தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் என்று கடை கடையாக இறக்கிக்கொண்டே போய், மேடவாக்கத்துத் தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் வண்டி காலியாகும்போது வெயில் ஏறியிருக்கும். ஞாயிறு மட்டும் பண்ணையில் லோடு கிடையாது. மற்ற நாளெல்லாம் இதே ஓட்டம்.

வண்டி ஏலத்தில் எடுத்தது. முன்பு ஏதோ ஒரு எஸ்டேட்டில் ஓடிய வண்டி. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கியர் கம்பிக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு குட்டிக் கம்பி உண்டு. தாம்பரத்தில் முட்டை விற்கிறவனுக்கு அது எதற்கு? வாங்கிய நாளிலிருந்து அதில் தண்ணீர் பாட்டில் பையை மாட்டி வைத்திருந்தான்.

ஹெப்சி போன பிறகுதான் அந்தக் குட்டிக் கம்பியை அவன் கண் பார்க்க ஆரம்பித்தது.

ஹெப்சி அவன் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜவ்வாது மலையில் மேல்நெல்லிப்பட்டு என்கிற ஊரில் மிஷன் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வேண்டும் என்று சபையில் அறிவித்தார்கள். அன்றைக்கு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் போகட்டுமா?" என்று கேட்டாள்.

பிள்ளை இல்லாத வீடு. சண்டை இல்லாத வீடும்தான். உப்பு, தண்ணீர், சாவி என்ற அளவில் பேசிக்கொண்டே இரண்டு பேரும் மாதக்கணக்கில் இருந்துவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு அது அமைதி மாதிரித் தெரியும். மெர்வினுக்கே சில நாள் அப்படித்தான் தெரிந்தது. அவன் சோற்றைப் பிசைந்தபடி, "உன் இஷ்டம்" என்றான். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

அதிலிருந்து கிறிஸ்மஸுக்கும் மே மாதத்துக்கும்தான் வருகிறாள். மலைமேல் போன் இல்லை, செல்போனுக்கும் டவர் இல்லை. வியாழக்கிழமை சந்தைக்காக அடிவாரத்துக்கு ஒரு ஜீப் இறங்கும்; காலையில் இறங்கி மதியம் ஏறினால் மறுபடி அடுத்த வியாழன்தான். அதில் வந்து எஸ்டிடி பூத்திலிருந்து பேசுவாள். வியாழன் பகலில் மெர்வின் எங்கே இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுச் செல்போனோடு காத்திருப்பான். பேச ஆரம்பித்தாலும் பாதி நேரம் இரண்டு பேரும் சும்மாதான் இருப்பார்கள். அந்தப் பக்கம் சந்தைச் சத்தம், பூத்துக்காரன் யாரையோ அதட்டுவது, அதற்கு நடுவில் அவள் மூச்சு. அது கேட்டால் அவனுக்கு அந்த வாரம் போதும்.

பிப்ரவரியில் ஒரு வியாழன் அவள் சொன்னாள்: "ஹெட்மிஸ்ட்ரஸ் கேக்குறாங்க. அடுத்த வருஷத்துல இருந்து பெர்மனென்ட்டா இருக்கியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஏப்ரல்ல சொல்றேன்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் சந்தைதான் பேசியது.

"நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன். பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வர்றேன்" என்றான். "வண்டியிலயே வர்றேன்."

"இந்த ரோட்டுக்கா?" அவள் சிரித்தாளா, இருமினாளா என்று தெரியவில்லை. "ஜீப்பே தவிச்சுத்தான் ஏறும்."

அன்றைக்கு மதியமே அவன் வண்டியை இரும்புலியூருக்கு விட்டான்.

ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிப் பூவராகனின் கமான் பட்டறை. லாரி, டெம்போ, டிராக்டர் என்று எதுவானாலும் அடியில் இருக்கும் கமான் பட்டைகள்தான் அவன் தொழில். வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கிய கட்டு. வண்டியின் பாரமெல்லாம் அதன்மேல்தான் உட்காரும். உடைந்ததை மாற்றுவான், தொய்ந்ததை அடித்து வளைப்பான். முட்டை வண்டியை வாங்கிய புதிதில் சவாரி முரடாக இருக்கிறதென்று ஒரு பட்டையை உருவிக் கொடுத்ததும் அவன்தான்.

"இன்னா மெர்வினு, இந்நேரத்துல? முட்டைக்கு இன்னா ஆச்சு?"

"முட்டை நல்லாத்தான் இருக்கு. வண்டிய ஏத்தணும், பூவராகன். உயரமா நிக்கணும். மலை ரோடு. பாறை இருக்கும், ஓடை இருக்கும்."

"மலைல யாருக்கு முட்டை போடப் போற நீ?"

"முட்டை எப்பவும் போல இங்கதான். மலை சனிக்கிழமை மட்டும்."

"ரெண்டுத்துக்கும் ஒரே வண்டியா? பேஜாரு புடிச்ச வேலையா கீதே." சுத்தியலை ஊன்றிக்கொண்டு பார்த்தான். "அங்க யார் கீறாங்க உனக்கு?"

"எங்க வீட்ல."

பூவராகன் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். நாலு மூலையையும் ஆட்டிப் பார்த்தான். அப்புறம் தொழில்காரன் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"ஏறச்சொல்ல காலி வண்டி. எறங்கச்சொல்ல இன்னா லோடு?"

மெர்வின் ரோட்டைப் பார்த்தபடி சொன்னான். "ஒரு ஆளு. ரெண்டு பெட்டி. தையல் மிஷின் ஒண்ணு."

"அப்போ கூட்டினு வரத்தான் போற."

ஆமாம் என்று சொன்னால் நடக்காமல் போய்விடும் என்பது போல நின்றான்.

பட்டறைக்கு மண் லாரிக்காரன் வருவான், செங்கல் டிராக்டர் வரும், தண்ணீர் வண்டி வரும். வண்டி உட்கார்ந்துவிட்டது, தூக்கிக் கொடு என்பார்கள். தூக்க வேண்டும் என்றால் பட்டையைச் சேர்க்க வேண்டும். அந்த ரோட்டில் எல்லாக் கமான் பட்டறைக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். பூவராகனும் அதையே செய்தான். பின்னால் பக்கத்துக்கு இரண்டு, முன்னால் பக்கத்துக்கு ஒன்று என்று கனமான பட்டைகளை ஏற்றிக் கட்டினான். வண்டி கீழே இறங்கியபோது நாலு விரற்கடை உயர்ந்து, முறைத்துக்கொண்டு நின்றது. தட்டிப் பார்த்தான். "இப்போ பாறையே வந்து மோதினாலும் பாறைக்குத்தான் அடி" என்றான்.

மறுநாளே முட்டைகள் புகார் சொல்ல ஆரம்பித்தன.

முடிச்சூர் ரோட்டின் முதல் பள்ளத்திலேயே வண்டி விழவில்லை, குதித்தது. பின்னால் அட்டைகள் துள்ளி உட்காரும் சத்தம் கேட்டது. மெதுவாக ஓட்டினான். இன்னும் மெதுவாக. ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். கேம்ப் ரோட்டில் டிபன் கடை வைத்திருக்கும் பட்டு, அட்டையைத் தூக்கியதும் அடியில் மஞ்சளாக ஒழுகுவதைப் பார்த்தாள்.

"அண்ணா, முட்டை கொண்டாந்தியா, ஆம்லெட்டே கொண்டாந்துட்டியா? உப்பு மொளகு மட்டும் நான் தூவிக்கவா?"

"வேற அட்டை தர்றேன் பட்டு."

"அதுவும் அப்டித்தான் கீது, பாரு. இன்னா வண்டி இது, ஒட்டகம் மாதிரி நிக்குது. நாளைக்கு நான் ஏணி வெச்சிகினுதான் எறக்கணும் போல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா எப்போண்ணா வர்றாங்க?"

"வருவா."

"அதான் எப்போன்னு கேட்டேன்."

அவன் உடையாத முட்டைகளைப் பொறுக்கி ஒரே அட்டையில் அடுக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூவராகனையும் ஏற்றிக்கொண்டு, படப்பைப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றுக்குப் போனான். மலை ரோடு எப்படி இருக்கும் என்று தெரியாதபோது, அதற்கு அங்கேதான் கொஞ்சமாவது சாயல் இருந்தது. பையைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாகக் குட்டிக் கம்பியைப் போட்டான். உள்ளே ஏதோ 'டக்' என்று விழுந்தது. வண்டி உறுமிக்கொண்டு ஏற ஆரம்பித்தது. பாதி மேடு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் குழி. அங்கே நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தார்கள். முன் சக்கரம் ஒன்றும், அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரம் ஒன்றும் தரையைத் தொடவே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்த இரண்டும்தான் காற்றில் சுற்றின. தரையில் இருந்த இரண்டும் கல் மாதிரிக் கிடந்தன.

"நாலும் இழுக்கும்ன்ன?" என்றான் பூவராகன்.

"இழுக்கும். தரை இருந்தா."

பூவராகன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். குவாரியின் அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீரில் நாரை ஒன்று நின்றிருந்தது. மெர்வின் தொங்கும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கும் தரைக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளி. அந்த ஒரு ஜாண் இறங்கினால் போதும். பிடித்துக்கொள்ள மண் இருக்கிறது. மேலே இருக்கும் பட்டைகள் விடவில்லை. விறைத்துக்கொண்டு நின்றன.

அவன் கையால் சக்கரத்தைத் தள்ளினான். லேசாகச் சுற்றியது.

"முட்டை ஏத்திக்கிட்டுப் பள்ளத்துல விடும்போது நான் என்ன நெனச்சுக்குவேன் தெரியுமா?" என்றான். "சக்கரம் மட்டும் விழணும், அட்டைக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சுக்குவேன். ஒரு சக்கரம் விழுந்தா அது மட்டும் விழட்டும்."

"அதுக்கு?"

"இங்கயும் அதுதானே வேணும்? இது விழ மாட்டேங்குதே."

பூவராகன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். எழுந்து வந்து அவனும் தொங்கும் சக்கரத்தைப் பார்த்தான். அப்புறம் தன் தலையிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

"பட்டையைப் போட்டுக் கெடுத்துட்டேனே. லோடு வண்டி பாத்துப் பாத்து, லோடு இல்லாத வண்டின்னு ஒண்ணு கீதுன்றதே மறந்துட்ச்சி." பிறகு சமாதானமாகாமல், "பட்டையைக் கொறச்சா பின்னால தொய்ஞ்சிடுமே. பாரம் வெச்சா தாங்காது" என்றான்.

"எனக்கு என்ன பாரம்? முட்டை. ஹெப்சி."

"ரெண்டும் ஒடையாம வரணும்ன்ற."

மெர்வினுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷத்தில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. இருவரும் குழியில் கல்லைப் போட்டு நிரப்பி வண்டியை வெளியே எடுத்தார்கள்.

அடுத்த வாரம் பூவராகன் வேறு மாதிரி வேலை பார்த்தான். சேர்த்த பட்டைகளை எல்லாம் கழற்றிக் கடாசினான். மெல்லிசான, நீளமான பட்டைகளாகத் தேடி எடுத்து, வளைவை மட்டும் அடித்து ஏற்றினான். கட்டின் நுனியைச் சட்டத்தோடு கோர்க்கும் இணைப்பை நீளமாகச் செய்து போட்டான். சக்கரம் இறங்க இடம் வேண்டுமே. ஷாக் அப்சார்பரை வேறு ஒரு பெரிய வண்டியிலிருந்து எடுத்து மாட்டினான். ஜாக்கி வைத்து ஒரு மூலையைத் தூக்கியபோது மற்ற மூன்று சக்கரங்களும் தரையை விடாமல் நின்றன. சக்கரத்தைத் தொங்க விட்டுப் பார்த்தால், பிரேக் குழாய் விறைத்துக்கொண்டு அறுந்துபோகிற மாதிரி இழுத்தது. "நல்ல வேளை, மலைல போய்ப் பாக்கல" என்று சொல்லிவிட்டு அதையும் நீளமாக மாற்றினான். வண்டி இரண்டு விரற்கடைதான் உயர்ந்திருந்தது. ஆனால் முடிச்சூர் ரோட்டில் படகு மாதிரிப் போனது. பட்டு அட்டையைத் தூக்கி அடியில் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், உள்ளே எடுத்துப் போனாள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சேலையூரோடு லோடை முடித்துக்கொண்டு அவன் மலைக்குக் கிளம்பினான். காஞ்சிபுரம், ஆரணி, போளூர். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வா என்பது ஒரு வார்த்தை. அதற்கு முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை வேண்டும். அவைதான் அகப்படவில்லை.

அடிவாரம் தாண்டியதும் ரோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. செம்மண், வேர்கள், மழை அறுத்துவிட்ட கால்வாய், இடறும் பாறை. குட்டிக் கம்பியைப் போட்டு, நடக்கிறவன் வேகத்தில் ஏறினான். ஒரு சக்கரம் குழிக்குள் இறங்கும், வண்டி லேசாகத் தலை சாய்த்துக் கேட்பது போலச் சாயும், மறுபடி நிமிரும். நடுவழியில் ஓர் ஓடை வந்தது. உருண்டைக் கற்களின்மேல் நாலு சக்கரமும் தடவித் தடவிக் கால் ஊன்றிக் கரையேறின. பயப்பட ஒன்றுமே இருக்கவில்லை. அதற்காகவே அவனுக்கு வருத்தமாக இருந்தது. இவ்வளவுதானா, இந்த மலை? இதற்கா இரண்டு வருஷம்?

பள்ளிக்கூடத்து முற்றத்தில் வண்டி நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் ஹெப்சி. கறுத்திருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். வண்டிமேல் ஏறப் பார்த்த ஒரு பையனை அந்த ஊர்ப் பேச்சிலேயே அதட்டினாள். அவன் ஏதோ பதில் சொன்னான். அவள் தலையை அண்ணாந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை மெர்வின் தன் வீட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் எதைப் பார்க்கப் பயந்து கீழேயே இருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"வந்துட்டீங்களே" என்றாள், கதவருகே வந்து.

"வந்துட்டேன்."

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து, கேப்பைக் களி சாப்பிட்டுவிட்டு, இருவரும் பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்தார்கள். கீழே பள்ளத்தாக்கில் காலை மூடுபனி இன்னும் முழுக்க விலகவில்லை. வழக்கம்போல இருவரும் சும்மா இருந்தார்கள். ஆனால் இங்கே சும்மா இருப்பது அவளுக்குச் சுகமாக இருக்கிறது என்று அவன் கவனித்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "ரெண்டு வருஷமா வியாழக்கிழமை ஜீப் வந்துட்டுத்தானே இருந்துச்சு?"

"ஏறினா ஒரு வாரம் இறங்க முடியாதே. முட்டை..."

"ஒரு வாரம் முட்டை இல்லன்னா தாம்பரம் பட்டினி கெடந்திருக்குமா?"

கோபம் இல்லை அவள் குரலில். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"போகாதன்னு சொல்லியிருக்கணும் நான்."

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டேன்."

"இப்ப சொல்லலாமா?"

ஹெப்சி முற்றத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் வண்டியின் நிழலில் படுத்துக்கொண்டு கமான் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எட்டு என்று ஒருத்தி, ஒன்பது என்று ஒருத்தன், டீச்சர் நீங்க சொல்லுங்க என்று கத்தினார்கள். அவள் அவன் பக்கம் திரும்பினாள். சொல்லுங்கள், சொன்னால் வருகிறேன் என்றுதான் அந்த முகம் இருந்தது. வந்துவிடுவாள். பெட்டி இரண்டையும் கட்டிக்கொண்டு, தையல் மிஷினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தாம்பரத்துக்கு வந்து உப்பு, தண்ணீர், சாவி என்று பேசிக்கொண்டு இருப்பாள்.

அவன் முற்றத்தில் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தான்.

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட இருக்கேன்னு சொல்லிடு" என்றான்.

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். ஆனால் எழும் வரைக்கும் விடவில்லை.

மதியம் கிளம்பும்போது, ஓடை வரைக்கும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். இறக்கத்தில் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, அவள் கதவில் மோதினாள், அவன் தோளில் மோதினாள், இருக்கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு சிரித்தாள்.

"உங்களுக்கு ஸ்டியரிங் இருக்கு. நான் எதைப் பிடிச்சுக்கறது?"

ஓடைக்கரையில் நிறுத்தினான். அவள் இறங்கவில்லை.

"இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்க. மே மாசம் நான் இறங்கும்போது வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "ஜூன்ல ஏறும்போதும் வேணும்" என்றாள்.

இரண்டையும் அவன் கேட்டுக்கொண்டான்.

"எந்த உயரத்துல போடச் சொல்ல?"

ஹெப்சி கையைத் தூக்கிக் கதவோரத் தூணில் வைத்துக் காட்டினாள். மெர்வின் சாவியைக் கழற்றி அவளுக்குக் குறுக்காகச் சாய்ந்து, அவள் விரல்கள் முடியும் இடத்தில் பெயின்டின்மேல் ஒரு கோடு கீறினான். அப்புறம் கட்டைவிரலுக்குக் கீழே இன்னொரு கோடு. அவசரமில்லாமல் கீறினான். அவளும் கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.